128, 512, 256: எந்த எண்ணை நம்புவது?

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 41 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 47. துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் வேலை. நெடுநாள் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, 14 மாதங்களாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சிறுநீரகம் தர மனைவி முன்வந்திருக்கிறார். கணவருக்கு ஓ பாசிட்டிவ், மனைவிக்கு பி பாசிட்டிவ் என்பதால், கணவரின் ரத்தத்தில் பி வகைக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார்கள். ஜனவரியில் வீட்டருகே ஓர் ஆய்வகத்தில் பார்த்தபோது 1:128 என்று வந்தது. பிப்ரவரியில் நகரின் இன்னொரு பகுதியில் 1:512. ஏப்ரலில், அறுவை சிகிச்சைக்காக அணுகியிருக்கும் மருத்துவமனையிலேயே பார்த்தபோது 1:256. "மூன்று இடத்தில் மூன்று எண். யார் பொய் சொல்கிறார்கள் டாக்டர்?" என்பது அவருடைய முதல் கேள்வி. இடையில் ஒரு மூலிகைச் சூரணம் சாப்பிட்டதால்தான் 512 பாதியாகக் குறைந்தது என்று வீட்டில் நம்புகிறார்கள்.

மாமியார், "உன் ரத்தம் அவனுக்கு ஆகாது என்று கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனாருக்கு ஓ வகை. அவரைத் தரச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள். அவர் பதில் சொல்லாமல் அழுகிறார். டயாலிசிஸ் மையத்தின் வாசலில் அறிமுகமான ஒருவர், "ஓ வகை ஆளே பிடித்துத் தருகிறேன், உறவுக்காரர் என்று பேப்பர் தயார் செய்துகொள்ளலாம்" என்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கணவரின் ரத்த வகை பி ஆகிவிடுமா என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் கீழே, கையெழுத்துக்குப் பின், ஒரு வரி: "இரண்டாவது பிரசவத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது."

அன்புள்ள சகோதரி,

யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று ஆய்வகங்களும் தத்தம் முறைப்படி சரியாகவே அளந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் இணைத்திருந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன; அந்த எண்களுக்குப் பொருள் தருகிற சொற்கள் கீழே பொடி எழுத்தில் இருக்கின்றன. முதல் தாளில் 'குழாய் முறை, சலைன்' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'ஜெல் கார்டு, கூம்ப்ஸ்'. மூன்றாவதில் 'குழாய் முறை, டிடிடி சேர்த்தபின் கூம்ப்ஸ்'. இவை ஒரே பொருளை மூன்று முறை நிறுத்த எடைகள் அல்ல. ரத்த வங்கியில் பல ஆண்டுகளாக இந்தச் சோதனையைச் செய்தும் செய்வித்தும் வருகிறவள் என்ற முறையில், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள பாதிப் பயம் இந்த எண்ணிலிருந்து கிளம்பியது.

முதலில் உங்கள் மாமியாரின் வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது. உங்கள் கணவரின் ரத்தத்தில் பி வகைக்கு எதிரான ஆன்டிபாடி உண்டானதற்கும் உங்கள் திருமணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓ வகைக்காரர் ஒவ்வொருவரின் ரத்தத்திலும் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி இருக்கும். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே அது உருவாகத் தொடங்குகிறது. நம் குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் மேற்பரப்பில் ஏ, பி ரத்த வகைகளின் சர்க்கரைக் கூறுகளைப் போன்றவை இருக்கின்றன. தன்னிடம் இல்லாத அந்தக் கூறுகளை உடல் அயலென்று கண்டு எதிர்ப்புப் புரதம் தயாரித்து வைக்கிறது. உங்களை அவர் பார்ப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது அவர் உடம்பில் இருந்தது.

இந்தக் கூறுகள் சிவப்பணுக்களில் மட்டும் இருந்தால் சிறுநீரகத்துக்குச் சிக்கல் இல்லை. சிறுநீரகத்துக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் அவை இருக்கின்றன. எனவே முன்னேற்பாடு இல்லாமல் பி வகைச் சிறுநீரகத்தை ஓ வகைக்காரருக்குப் பொருத்தினால், ரத்த ஓட்டம் தொடங்கியவுடன் ஆன்டிபாடிகள் அந்தச் சுவரில் ஒட்டி, குழாய்கள் அடைபட்டு, சிறுநீரகம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பாழாகிவிடக்கூடும். "இருவருக்கும் பாசிட்டிவ்தானே, அதுவாவது பொருந்துகிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிற ஆர்ஹெச் கூறு சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்ச் சுவரில் இல்லை; ஆகவே அது பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் இந்த அறுவை சிகிச்சைக்கு ஒன்றுதான்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது

ஒரு தாங்கியில் பத்துப் பன்னிரண்டு சிறு கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்துகிறோம். எல்லாவற்றிலும் சம அளவு உப்புநீர். முதல் குழாயில் உங்கள் கணவரின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, உப்புநீரின் அளவுக்குச் சமமாகச் சேர்த்தால் அது பாதியாக நீர்த்துப்போகும், அதுதான் 1:2. அந்தக் கலவையில் பாதியை எடுத்து அடுத்த குழாயில் விட்டால் 1:4. அதிலிருந்து அடுத்ததற்கு, 1:8. இப்படி ஒவ்வொரு குழாயிலும் ஆன்டிபாடி பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பிறகு எல்லாக் குழாய்களிலும் பி வகைச் சிவப்பணுக்களைச் சேர்த்து, குறித்த நேரம் வைத்திருந்து, சுழலியில் சுற்றி எடுத்து, ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்க்கிறோம். முதல் குழாய்களில் அடியில் படிந்த சிவப்புப் பொட்டு கலையாமல் ஒரே கட்டியாக நகரும். போகப் போகக் கட்டி உடைந்து சிறு சிறு திரள்களாகும். பிறகு ரவை போலப் பொடித் துகள்கள். அதற்கும் அடுத்ததில் புகை எழுவதைப் போலச் சிவப்பணுக்கள் ஒரே சீராகக் கலைந்துவிடும். திரள் கண்ணுக்குத் தெரிந்த கடைசிக் குழாய் எதுவோ, அதன் எண்தான் டைட்டர்.

இப்போது உங்கள் எண்களுக்கு வாருங்கள். 128 ஏழாவது குழாய். 256 எட்டாவது. 512 ஒன்பதாவது. எண்ணாகப் படிக்கும்போது 128-க்கும் 512-க்கும் நடுவே பெரும் பள்ளம் தெரிகிறது. குழாய் வரிசையில் பார்த்தால் இரண்டே படி. ஒரே ரத்தத்தை, ஒரே கை, ஒரே நாளில் இரண்டு முறை செய்தாலும் ஒரு படி முன்பின் வருவது இந்தச் சோதனையின் இயல்பு. அதனால்தான் ஒரு படி வேறுபாட்டை நாங்கள் மாற்றமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதே முறையில் அளந்து இரண்டு படி ஏறினாலோ இறங்கினாலோதான் ஏதோ நடந்திருக்கிறது என்று கொள்கிறோம்.

அதற்கு மேல் முறை வேறுபாடு வேறு இருக்கிறது. இந்த ஆன்டிபாடியில் இரண்டு இனம் உண்டு. ஐஜிஎம் என்பது பெரிய மூலக்கூறு. சாதாரண அறை வெப்பத்தில், உப்புநீரிலேயே சிவப்பணுக்களைத் திரட்டிவிடும். ஐஜிஜி சிறியது, அது ஒட்டினாலும் திரள் கண்ணுக்குத் தெரியாது, கூம்ப்ஸ் வினைப்பொருள் சேர்த்தால்தான் வெளிப்படும். உங்கள் முதல் தாள் பெரும்பாலும் ஐஜிஎம்மை அளந்தது. இரண்டாம் தாள் இரண்டையும் சேர்த்துக் காட்டியிருக்கும். அதோடு, ஜெல் கார்டு முறை குழாய் முறையைவிடப் பெரும்பாலும் உயர்ந்த எண்ணையே தரும். மூன்றாம் தாளில் டிடிடி என்ற வேதிப்பொருளால் ஐஜிஎம்மைச் செயலிழக்கச் செய்துவிட்டு ஐஜிஜியை மட்டும் அளந்திருக்கிறார்கள். ஓ வகைக்காரர்களிடம் ஐஜிஜி அதிகமாக இருப்பது வழக்கம். சிறுநீரக மாற்றில் மருத்துவர்கள் கூர்ந்து கவனிப்பதும் அதைத்தான். ஆகவே உங்கள் கோப்பில் தொடக்க எண்ணாக எழுதிக்கொள்ள வேண்டியது ஏப்ரல் மாதத்து 256. மற்ற இரண்டையும் அதோடு ஒப்பிட வேண்டாம். மூலிகைச் சூரணத்தால் குறைந்தது என்பதற்கும் இதில் ஆதாரம் இல்லை: வேறு முறை, வேறு ஆய்வகம், ஒரே படி. அந்தச் சூரணத்தின் பெயரைச் சிறுநீரக மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மூலிகைகள் பொட்டாசியத்தை உயர்த்தும். சில, அறுவையை ஒட்டி எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்த அவர் சாப்பிடப்போகும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக்கும். சாப்பிட்டதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

சோதனைக்குப் பயன்படும் பி வகைச் சிவப்பணு யாருடையது என்பதும் எண்ணை மாற்றும். ஒருவருடைய சிவப்பணுவில் பி கூறு அடர்த்தியாகவும் இன்னொருவருடையதில் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். சில இடங்களில் கடையில் வாங்கும் தயார்நிலைச் சிவப்பணுக்களைப் பயன்படுத்துகிறார்கள். சில இடங்களில் சிறுநீரகம் தரப்போகிறவரின் சிவப்பணுக்களையே பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் எதில் தொடங்கினார்களோ அதிலேயே கடைசிவரை செல்ல வேண்டும். ஒரே ரத்த மாதிரியைப் பல மருத்துவமனைகளுக்கு அனுப்பி ஒப்பிட்ட ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. தேர்ந்த மையங்களுக்கு இடையிலேயே பல படி வேறுபாடு வந்திருக்கிறது. எனவே இன்னொரு ஆய்வகத்தில் நான்காவது முறையாக அளக்கத் திட்டமிட்டிருக்கிறீர்களே, அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். அறுவை சிகிச்சை எங்கே நடக்கப்போகிறதோ, அந்த ஆய்வகம், அந்த முறை. இன்றிலிருந்து அது மட்டுமே உங்களுக்கு அளவுகோல்.

'எட்டுக்குக் கீழே வந்தால்தான் செய்வார்களாம்'

மருத்துவமனை சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் 1:8 என்ற இலக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான சட்டம் அல்ல. சில மையங்கள் 1:16 வரையும், சில 1:32 வரையும் ஏற்கின்றன. காரணம் மேலே சொன்னதுதான்: ஓர் இடத்தின் 8, இன்னோர் இடத்தின் 16 ஆக இருக்கலாம். ஒவ்வொரு குழுவும் தன் ஆய்வகத்தின் அளவைக்கொண்டு, தன் நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தை வைத்து எல்லையை வகுத்துக்கொள்கிறது. "அங்கே முப்பத்திரண்டிலேயே செய்கிறார்கள், இங்கே ஏன் இழுத்தடிக்கிறார்கள்?" என்று சண்டையிட இதில் இடம் இல்லை.

256-லிருந்து 8 என்றால் ஐந்து படி இறங்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் ரிடுக்சிமாப் என்ற ஊசி. பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன் போடுவார்கள். இந்த ஊசியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஊசி போட்டதும் டைட்டர் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்து, ஒரு வாரம் கழித்து அதே எண் வந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்கிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடியை அந்த ஊசி தொடுவதில்லை. புதிதாக ஆன்டிபாடி தயாரிக்கப் புறப்படும் அணுக்களைத்தான் அது நீக்குகிறது. முன்பெல்லாம் இதற்காக மண்ணீரலையே அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தோர் உறுப்புக்கொடை மிகக் குறைவாக இருந்த ஜப்பானில் 1989 முதல் இந்த வகை மாற்று அறுவை பெருகியபோது மண்ணீரல் அகற்றுவது வழக்கமாக இருந்தது; 2000-க்குப் பிறகு இந்த ஊசி வந்ததும் அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது.

இரண்டாவதாக, டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் அறுவைக்கு முன்பே தொடங்கிவிடும். மூன்றாவதுதான் ஆன்டிபாடியை வெளியே எடுப்பது. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில் அவருடைய ரத்தத்தின் நீர்ப் பகுதியை இயந்திரம் பிரித்தெடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஆல்புமின் என்ற புரதக் கரைசலோ தானமாகப் பெற்ற பிளாஸ்மாவோ ஏற்றும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு முறைக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர். பி கூறு பூசிய வடிகட்டித் தூண் வழியே பிளாஸ்மாவைச் செலுத்தி அந்த ஆன்டிபாடியை மட்டும் உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. அதில் ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் வீணாவதில்லை, விலைதான் அதிகம்.

ஒரு முறை பிளாஸ்மா மாற்றினால் பொதுவாக ஒன்று, சில நேரம் இரண்டு படி இறங்கும். மறுநாள் அளந்தால் மீண்டும் சற்று ஏறியிருக்கக்கூடும். இதைக் கண்டு மனம் தளராதீர்கள். ஐஜிஜி ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. திசுக்களுக்கு இடையிலும் நிறைய இருக்கிறது. கிணற்றில் இறைத்த பிறகு ஊற்றுநீர் சுரப்பதைப் போல அது ரத்தத்துக்குள் திரும்பி வருகிறது. ஆகவே இறைத்து, ஒரு நாள் விட்டு, மீண்டும் இறைக்கிறார்கள். உங்கள் கணவருக்கு எத்தனை முறை ஆகும் என்பதை முன்கூட்டியே யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முதல் இரண்டு அமர்வுகளில் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு திரும்ப ஏறுகிறது என்பதைப் பார்த்தபிறகுதான் ஓரளவு கணிக்க முடியும். தொடக்கத்தில் 256 என்று இருப்பதைவிட, இறக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே எனக்கு முக்கியமான செய்தி. 256-லிருந்து சீராக இறங்கி நின்றவர்களும் உண்டு. 64-இல் தொடங்கி விடாப்பிடியாகத் திரும்ப ஏறியவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் ஓ வகை என்பதால், பிளாஸ்மா தேவைப்படும்போது ஓ வகைப் பிளாஸ்மாவைக் கேட்டு எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. அதில் பி வகைக்கு எதிரான ஆன்டிபாடி நிறைந்திருக்கும். பாடுபட்டு வெளியேற்றியதையே திரும்ப ஊற்றுவதாகிவிடும். அவருக்குப் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் பி அல்லது ஏபி வகையாக இருக்க வேண்டும். சிவப்பணு மட்டும் ஓ வகை. இந்தக் குறிப்பு கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்கள்தான் கண்டம். அப்போது தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ டைட்டர் பார்ப்பார்கள். விரைந்து ஏறி, சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ரத்தத்தில் உயர்ந்தால் மறுபடி பிளாஸ்மா மாற்றுவார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தைக் கடந்துவிட்டால் ஒரு வியப்பான நிலை உண்டாகிறது: ஆன்டிபாடி மெல்லத் திரும்பி வந்தாலும் புதிய சிறுநீரகம் அதைத் தாங்கிப் பழகிவிடுகிறது. எனவே ஆறு மாதம் கழித்து டைட்டர் 64 என்று வந்தால் நடுங்க வேண்டாம். கிரியேட்டினின் அசையாமல் இருந்தால், அந்த எண்ணுக்காக மட்டும் சிகிச்சை தருவது வழக்கம் இல்லை.

ஆபத்து இல்லாத வழி என்று இதைச் சொல்ல மாட்டேன். ரத்த வகை பொருந்திய மாற்று அறுவையோடு ஒப்பிட்டால், தொடக்க மாதங்களில் நோய்த்தொற்றும் ரத்தக்கசிவும் நிராகரிப்பும் சற்றுக் கூடுதல். அனுபவமுள்ள மையங்களில் நீண்டகாலப் பலன் பொருந்திய மாற்றுக்கு ஏறக்குறைய அருகில் இருக்கிறது. ரிடுக்சிமாப் போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸுக்கான சோதனை கட்டாயம்; பழைய தொற்று உறங்கிக் கிடந்தால் இந்த ஊசி அதை எழுப்பிவிடும். போட வேண்டிய தடுப்பூசிகளையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இன்னொன்று: டயாலிசிஸ் தொடங்கியபோது அவருக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பி ஆன்டிபாடியைப் பாதித்திருக்காது. ஆனால் ஹெச்எல்ஏ எனப்படும் திசுக் கூறுகளுக்கு எதிரான வேறொரு ஆன்டிபாடியைத் தூண்டியிருக்கலாம். கொடையாளரின் அணுக்களோடு அவருடைய சீரத்தைச் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை அதைக் கண்டறியத்தான். டைட்டர் எவ்வளவு நன்றாக இறங்கினாலும், கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், அதாவது அந்த ஆன்டிபாடி இருக்கிறது, என்றால் கதை வேறு. அந்த முடிவு உங்கள் தாள்களில் இல்லை; முதலில் அதைக் கேளுங்கள்.

மற்ற வழிகள்

உங்களைப் போல் வகை பொருந்தாத இன்னொரு குடும்பத்தோடு கொடையாளரை மாற்றிக்கொள்ளும் முறையைச் சட்டம் அனுமதிக்கிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தம் அதற்கு வழி செய்தது. இரு பக்கமும் கொடையாளர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் நிலையில் உள்ள ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்கிறேன். ஏ வகை நோயாளிக்கு பி வகைக் கொடையாளர், பி வகை நோயாளிக்கு ஏ வகைக் கொடையாளர் என்று இரு குடும்பங்கள் இருந்தால் மாற்று எளிது. உங்களுக்கு வேண்டியதோ ஓ வகைக் கொடையாளர். அவர் எந்த வகைக்காரருக்கும் தரலாம் என்பதால், அவருடைய குடும்பத்துக்கு மாற்று தேவைப்படுவதே அரிது. கிராஸ்மேட்ச் பொருந்தாமல் நிற்கும் குடும்பம் ஏதாவது அமைந்தால்தான் உண்டு. பெயரைப் பதிந்து வையுங்கள்; அதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் மருத்துவமனை வழியாகப் பதிவு செய்யலாம். ஓ வகைக்காரர் ஓ வகையிலிருந்து மட்டுமே பெற முடியும் என்பதால் காத்திருப்பு நீளும். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சேர்ந்திருக்கிறது. ஆனால் ரிடுக்சிமாப், பிளாஸ்மா மாற்று அமர்வுகள், ஒவ்வொரு டைட்டர் சோதனை ஆகியவற்றில் எது அதில் அடங்கும், எது உங்கள் கையிலிருந்து போகும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். தனியாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்கு அருகில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவிலும் ஒரு முறை கருத்துக் கேட்டு வருவதில் தவறில்லை.

நாத்தனாரைப் பற்றி: மருத்துவப்படி அவர் பொருத்தமான கொடையாளராக இருக்கலாம். உடன்பிறந்தவர் என்பதால் சட்டத்திலும் நெருங்கிய உறவினர். ஆனால் அழுகை சம்மதம் ஆகாது. பெண் கொடையாளர் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், அவருடைய சுயேச்சையான சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் 2014-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அந்த விதி பிறந்ததற்குக் காரணம் நம் வீடுகள்தாம். நீங்கள் அவரோடு தனியாகப் பேசி, "நீ தர வேண்டியதில்லை, உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை" என்று சொல்லுங்கள். அதன்பிறகும் அவராகவே முன்வந்தால் அது வேறு. வர விருப்பமில்லை என்றால், கொடையாளரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் அவர் தனிமையில் சொன்னாலே போதும். எந்த நிலையிலும் பின்வாங்கும் உரிமை அவருக்கு உண்டு.

டயாலிசிஸ் வாசலில் நிற்கும் அந்த மனிதரை இனி ஒரு முறைகூடச் சந்திக்காதீர்கள். உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் தரகு பார்ப்பதும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும் 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதமும் தரக்கூடிய குற்றம். போலிப் பத்திரத்துக்கு வழக்கு தனி. தண்டனைக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர் வறுமையால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-இல் வெளிவந்தது. உங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் சில கிலோமீட்டர். அந்தத் தரகர் "பிடித்துத் தருகிற" ஓ வகை ஆள், அப்படியொரு வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறாக்கிக்கொண்டிருக்கும் உங்கள் வயதுப் பெண்ணாகவே இருக்கக்கூடும்.

கையெழுத்துக்குக் கீழே இருந்த வரி

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் மட்டும் நீங்கள் கொடையாளராக முடியாது என்று ஆகிவிடாது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்றைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையும் சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும் செய்ய வேண்டும். உங்கள் வயது, எடை, ரத்த அழுத்தம், பெற்றோருக்குச் சர்க்கரை இருந்ததா என்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு சிறுநீரகத்தோடு அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் நீங்கள் நலமாக இருக்க முடியுமா என்று சொல்ல முடியும். இந்த விவரத்தை மருத்துவமனைப் படிவத்தில் எழுதினீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எழுதவில்லை என்றால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னால் விலக்கிவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருந்தால், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணவர் மீண்டு வந்த வீட்டில் பத்து ஆண்டுகள் கழித்து நீங்கள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரக் கூடாது. கணவருக்கு ரிடுக்சிமாப் போடுவதற்கு முன்பே உங்கள் சோதனைகள் முழுதும் முடிந்திருக்க வேண்டும். ஊசி போட்டு, பிளாஸ்மாவையும் மாற்றிய பிறகு கொடையாளர் தகுதி இல்லை என்று தெரிந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைத்த ஆபத்து மட்டுமே அவருக்கு மிஞ்சும்.

கடைசியாக, ரத்த வகை மாறுமா என்ற கேள்வி. மாறாது. ரத்தத்தை உண்டாக்குவது அவருடைய எலும்பு மஜ்ஜை. அது ஓ வகையாகவே இருக்கும். உங்களிடமிருந்து போன சிறுநீரகம் மட்டும் அவருக்குள் பி வகையாக இருக்கும். எனவே அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், "பி வகைச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர். சிவப்பணு: ஓ பாசிட்டிவ். பிளாஸ்மா, தட்டணு: பி அல்லது ஏபி மட்டும்" என்று ஒரு சிறு அட்டையில் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அவர் வேலைக்குப் போடும் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். இன்னொரு பிரதி உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.